கடாரம் கொண்டோம், கடாரத்து மொழி கற்றோமா?

மேடையேறி நம் இனத்தின் பண்டைப் பெருமையைப் பேசத் தொடங்கும் எந்தப் பேச்சாளனும் கடலைத் தாண்டாமல் நிற்பதில்லை. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திரனின் கலங்கள் வங்கக் கடலைக் கடந்தன, ஸ்ரீவிசயம் தலை கவிழ்ந்தது, கடாரம் பணிந்தது என்று அவன் முழங்கும்போது எழும் கையொலி அடங்க நெடுநேரம் ஆகிறது. ஆகட்டும். பெருமைக்குரியதைப் பெருமையோடு பேசுவதில் பிழையேதும் இல்லை. ஆனால் கையொலி அடங்கிய பிறகும் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த அக்கரையில் இன்று வாழும் மக்களின் மொழியில் "நலமா?" என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜகார்த்தாவில் அச்சாகும் நாளேட்டின் தலைப்பைப் படித்துப் பொருள் சொல்ல எத்தனை பேர் இருக்கின்றனர்? ஹனோயில் பிறப்பிக்கப்படும் ஓர் ஆணையை மூலத்திலேயே படித்து, நம் தொழிலாளிக்கு விளக்க எத்தனை பேர் இருக்கின்றனர்?

வாளேந்திச் சென்ற கதையை ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். ஏடேந்திச் செல்லும் காலம் எப்போது வரும்?

இது புலவர்களின் மனக்குறை, பாட்டாளியின் இயக்கத்திற்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் நினைக்கக் கூடும். வேலை இருக்கிறது. அதை நொச்சிக்குப்பத்திலிருந்தே பார்ப்போம்.

நொச்சிக்குப்பத்தின் கணக்கு

மயிலாப்பூரின் கிழக்கெல்லையில், கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, லூப் சாலையை ஒட்டி இருப்பது நொச்சிக்குப்பம். கட்டுமரத்தையும் படகையும் வலையையும் நம்பி வாழும் ஊர். அங்கிருந்து கடற்கரை வழியே வடக்கு நோக்கி நடந்தால், ஒரு மணி நேரத்திற்குள் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடையலாம். 1857-இல் தோன்றிய பழம்பெரும் கலைக்கூடம் அது. குப்பமும் பல்கலைக்கழகமும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. குப்பம் அந்தக் கடலில் உழைக்கிறது. பல்கலைக்கழகம் அந்தக் கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளை ஆராய்கிறது. தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கென்றே அங்கு ஒரு துறை உண்டு. பேராசிரியர் வி. சூரியநாராயணன் அதன் நிறுவன இயக்குநராக இருந்தார்.

அந்த ஆய்வு குப்பத்திற்கு எதற்கு? அடுப்படியைப் பாருங்கள், விடை கிடைக்கும்.

நியாயவிலைக் கடையில் நம் தாய்மார்கள் வரிசையில் நின்று வாங்கும் பாமாயில் எந்த மண்ணில் விளைகிறது? உலகில் மிகுதியாகப் பாமாயில் விற்கும் நாடு இந்தோனேசியா. மிகுதியாக வாங்கும் நாடு இந்தியா. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசிய அரசு பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மே 23 அன்றுதான் அதை விலக்கிக் கொண்டது. ஏறக்குறைய நான்கு கிழமை உலகச் சந்தை நடுங்கியது. அதே ஆண்டு சனவரித் திங்களில் நிலக்கரி ஏற்றுமதிக்கும் அந்த அரசு தடை போட்டது. நம் மின் நிலையங்களுக்கு வந்திறங்கும் வெளிநாட்டு நிலக்கரியில் இந்தோனேசிய நிலக்கரிக்கு முதன்மையான இடம் உண்டு. ஆக, குப்பத்தின் வாணலியும் விளக்கும் ஜகார்த்தாவில் எழுதப்படும் ஓர் ஆணையோடு கட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஆணை எழுதப்படும் மொழி ஆங்கிலமன்று, இந்தியுமன்று. அது இந்தோனேசிய மொழி.

இனித் தெற்கே திரும்புங்கள். வியட்நாமிய நிறுவனமான வின்ஃபாஸ்ட், தூத்துக்குடியில் மின்கார்த் தொழிற்சாலை அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. 2025 ஆகத்து 4 அன்று தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் அமெரிக்கக் குண்டுகளுக்கு அஞ்சிப் பதுங்கு குழிகளில் வாழ்ந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் தமிழ்மண்ணுக்கு முதலாளிகளாகவும் பொறியாளர்களாகவும் வருகிறார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் மேலாளரின் மொழி ஒன்றாகவும் தொழிலாளியின் மொழி வேறாகவும் இருக்கும் இடத்தில், நடுவே நின்று பேசுபவன் யார்? அவன் யாருடைய ஆள்? கூலி, வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசும் மேசையில், தொழிலாளியின் பக்கத்தில் அமர்ந்து வியட்நாமிய மொழியைப் புரிந்துகொள்ளும் ஒரு தமிழன் இருந்தால், அது தொழிற்சங்கத்திற்கு எவ்வளவு பெரிய வலிவு! மொழியறிவு என்பது பட்டயத் தாளில் ஒட்டும் அலங்கார முத்திரை என்று நினைத்தவர்கள் இந்த மேசையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தீவு, ஒரு சொல்

அடுப்பையும் ஆலையையும் விட்டுவிடுவோம். உயிரைப் பற்றியே பேசுவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. அரை மணி நேரத்திற்குள் ஆச்சே மாநிலத்தின் கரைகளைப் பேரலை விழுங்கியது. அதன் பின்னர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே அந்த அலை சென்னைக் கரையைத் தொட்டது. இரண்டு மணி நேரம்! நொச்சிக்குப்பத்திலிருந்து மயிலைத் தேரடி வரை நடந்து சென்று திரும்பி வந்து, அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் செல்லப் போதுமான நேரம். ஆயினும் எவரும் எவருக்கும் சொல்லவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் பறிபோயின. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். இந்தோனேசியாவில் மாண்டோரும் காணாமற் போனோரும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேல்.

அந்த நடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகிலிருந்த சிமலூ என்னும் தீவில் என்ன நடந்தது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த தீவு அது. மாண்டவர் எழுவர் என்பது கணக்கு. அவர்களைக் காத்தது எது? இயந்திரமா? செயற்கைக்கோளா? இல்லை, ஒரே ஒரு சொல். "ஸ்மோங்" என்பது அந்தச் சொல்.

1907-ஆம் ஆண்டில் அந்தத் தீவைப் பேரலை ஒன்று அழித்தது. பிழைத்தவர்கள் அந்த அலைக்கு ஒரு பெயரிட்டார்கள். நிலம் பெரிதாக அதிர்ந்தால், கடல் பின்வாங்கினால், மீன் பொறுக்க ஓடாதே, மேட்டுக்கு ஓடு என்னும் கட்டளை முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்து வைத்தார்கள். அதைத் தாலாட்டில் பாடினார்கள். பாட்டிமார் கதையில் சொன்னார்கள். நூறாண்டு நெருங்கியபோது, அந்தச் சொல் காற்றில் ஒலித்தது, தீவே மலையேறிற்று.

நமக்கும் சொல் இல்லாமலில்லை. "கடல்கோள்" என்று நம் இலக்கிய உரைகள் பேசுகின்றன. நிலம் கடலுள் ஆழ்ந்த கதையைப் படிக்காத தமிழ்ப் புலவன் இல்லை. ஆனால் நம் சொல் ஏட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. அவர்கள் சொல் தொட்டிலில் தவழ்ந்தது. நம் சொல் புலமைக்குப் பயன்பட்டது; அவர்கள் சொல் உயிருக்குப் பயன்பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது குப்பத்துக் கிழவி அறிந்த உண்மை. அன்று அது கண்ணீரில் மெய்ப்பிக்கப்பட்டது.

மொழி கற்றிருந்தால் அந்த அலையைத் தடுத்திருக்கலாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மாண்டவர்களை அவமதிப்பதாகும். சொல்வது இவ்வளவே: ஒரே கடலின் இரு கரைகளில் வாழும் மீனவ மக்கள், ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் அறியாமல் நூறாண்டு கழிந்தது. 2007 முதல் ஐதராபாத்தில் பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. இந்தியா, இந்தோனேசியா, ஆசுதிரேலியா ஆகிய மூன்று நாடுகளும் இந்தியப் பெருங்கடல் முழுமைக்கும் எச்சரிக்கை வழங்குகின்றன. இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசக் கற்றுவிட்டன. மக்கள் எப்போது பேசக் கற்பது? சிமலூவின் தாலாட்டைத் தமிழில் நேரே பெயர்த்து நொச்சிக்குப்பத்துப் பள்ளிப் பிள்ளைக்குக் கதையாகச் சொல்பவன், நூறு அரசுச் சுற்றறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்தவனாவான். அவனை உருவாக்க வேண்டியது பல்கலைக்கழகம்.

வேட்டைக்காரன் வரைந்த படம்

நாடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அவற்றின் மொழி, வரலாறு, அரசியல், வாழ்க்கை ஆகியவற்றை ஒருங்கே கற்கும் கல்விக்கு வட்டார ஆய்வு என்று பெயர். இந்தக் கல்வி எங்கே பிறந்தது? பெரும்பாலும் ஏகாதிபத்தியத்தின் மடியில்தான்.

ஒல்லாந்தர் சாவகத்தையும் சுமத்திராவையும் ஆண்டார்கள். ஆளப் போகிறவனுக்கு ஆளப்படுவோரின் மொழி வேண்டுமல்லவா? ஆகவே லைடன் நகரப் பல்கலைக்கழகத்தில் மலாய் மொழியும் சாவக மொழியும் கற்பித்தார்கள். நாகையில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த பௌத்த விகாரத்திற்குச் சோழன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்த செப்பேடுகளுக்கு, லைடன் செப்பேடுகள் என்று பெயர் வழங்குவது ஏன்? அவை கப்பலேறி அந்தக் கல்விக்கூடத்தைச் சென்றடைந்தமையால்தான். நம் வரலாற்றைப் படிக்க நம்மவர் அந்நகரின் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்து அமெரிக்கா. கார்னெல் பல்கலைக்கழகம் 1950-இல் தென்கிழக்கு ஆசிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1958-இல் அந்நாட்டு அரசு, நாட்டுப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, அயல்மொழிக் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. சட்டத்தின் பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. வேட்டைக்காரன் காட்டின் வரைபடத்தைக் கேட்டான். பல்கலைக்கழகம் வரைந்து கொடுத்தது.

ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. மொழியைக் கற்று மக்களோடு பழகியவர்களில் சிலர் வேட்டைக்காரனுக்கு எதிராகவே திரும்பினார்கள். கார்னெலில் இந்தோனேசிய விடுதலைப் போரை நேரிற் கண்டு ஆராய்ந்த சார்சு கேகின், வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தவர். மறுபக்கம், அந்தப் போரை நடத்திய பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா, 1995-இல் வெளியிட்ட தம் நூலில், அந்த மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் அறியாதிருந்ததைத் தோல்வியின் காரணங்களுள் ஒன்றாக ஒப்புக்கொண்டார். அறிந்தவன் போரை எதிர்த்தான். அறியாதவன் போரை நடத்தினான். மொழிக்கல்வி யாருக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் நாட்டிலும் தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளியில் இந்தோனேசிய மொழி கற்பிக்கப்படுகிறது. படையதிகாரி கற்கட்டும், குறை சொல்லவில்லை. மீனவன் மகன் எங்கே கற்பது என்பதே நம் கேள்வி.

சென்னை செய்ததும் செய்ய வேண்டியதும்

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூசு என்ற பழந்துறை. கருப்பூரத்திற்குப் பெயர் பெற்றது. அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு கல் கிடைத்தது, அதில் தமிழெழுத்து! 1088-ஆம் ஆண்டில் திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழு வெட்டுவித்த கல்வெட்டு அது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் அதைப் பற்றி எழுதினார். பின்னர் 1957 முதல், யுனெஸ்கோ ஆதரவோடு சென்னையில் இயங்கிய மரபுப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநராக அவர் பணியாற்றினார். தென்கிழக்கு ஆசியாவைப் படிப்பதற்கு உரிய இடம் சென்னை என்பதை அன்றே உலகம் ஏற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்று.

ஆனால் கல்லை மட்டும் படித்தால் போதுமா? கல்லைச் சுற்றி வாழும் மனிதர்களையும் படிக்க வேண்டாமா? அதே வட சுமத்திராவில் காரோ பத்தாக்கு மக்களிடையே செம்பிரிங் என்றொரு குலம். அதன் உட்பிரிவுகளின் பெயர்கள் சோலியா, பாண்டியா, மெலியாலா! சோழனும் பாண்டியனும் மலையாளமும் அங்கே குடும்பப் பெயர்களாக உலவுகின்றனர் என்று அறிஞர் கருதுகின்றனர். மேடான் நகரில் கம்போங் மெட்ராஸ் என்றே ஒரு பகுதி உண்டு. அங்கே 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயில் நிற்கிறது. ஒல்லாந்தரின் புகையிலைத் தோட்டங்களில் கூலிகளாய்ச் சென்ற நம் மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. தங்கள் பாட்டனின் கண்ணீரை அவர்கள் இன்று எந்த மொழியில் சொல்கிறார்கள்? இந்தோனேசிய மொழியில். அதைக் கேட்க நமக்குச் செவி வேண்டும்.

வியட்நாமிலும் அவ்வாறே. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் சைகோனில் அரசு ஊழியர்களாயிருந்தனர். நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமிய மக்களே திரளாக வந்து ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். இவற்றில் பெருமையும் உண்டு, வட்டிக்குக் கொடுத்தவன், வரி வாங்கியவன் என்ற கசப்பும் உண்டு. நம்மவர் எழுதிய கணக்கேட்டை மட்டும் படித்தால் பாதி வரலாறே கிட்டும். கடன்பட்ட உழவன் நம்மைப் பற்றி என்ன சொன்னான் என்பது வியட்நாமிய மொழியில் இருக்கிறது. அதையும் படிக்கத் துணிந்தவனே வரலாற்று மாணவன்.

இனி ஒரு செய்தி. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கே முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். 1956-இல் துறை அமைந்தது, தமிழ் இடம்பெற்றது. பின்னர் தனிநாயக அடிகள் அதன் தலைமையேற்றார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடிற்று. பால்மரம் சீவிய கைகள் ஒரு பல்கலைக்கழகத் துறையின் வாயிலைத் திறந்தன! அக்கரை நம் மொழிக்கு இருக்கை தந்தது. அக்கரையின் மொழிகளுக்கு நாம் தரும் இருக்கை எங்கே?

அவர்கள் நமக்குச் சொல்லும் பாடம்

இந்தோனேசியாவும் வியட்நாமும் நாம் ஆராயும் பொருள்கள் மட்டுமல்ல. நமக்கு ஆசான்களும் ஆவர்.

1928 அக்டோபர் 28 அன்று இந்தோனேசிய இளைஞர்கள் கூடி உறுதிமொழி ஏற்றனர். ஒரு தாயகம், ஒரு மக்கள், ஒன்றுபடுத்தும் ஒரு மொழி என்று சூளுரைத்தனர். எந்த மொழியைத் தேர்ந்தனர்? அந்த நாட்டில் மிகப் பெரும்பான்மையினர் பேசியது சாவக மொழி. ஏறத்தாழப் பத்தில் நால்வர் அதைப் பேசினர். தலைவர்களில் பலர் சாவகர். எண்ணிக்கையே நியாயம் என்றால் சாவக மொழியே அரியணை ஏறியிருக்க வேண்டும். அவர்களோ, சிறுபான்மையினரின் தாய்மொழியும் துறைமுகங்களின் பொதுமொழியுமான மலாயைத் தேர்ந்தெடுத்து, இந்தோனேசிய மொழி என்று பெயரிட்டனர். 1945-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதையே நாட்டின் மொழியாக்கிற்று. தன் மொழிக்குத் தலை எண்ணிக்கை இருந்தும் அதைப் பிறர்மேல் சுமத்தாத பெரும்பான்மை! இந்தப் பாடத்தைத் தில்லிக்கு எடுத்துச் சொல்ல, முதலில் நாம் அதை மூலத்தில் படித்திருக்க வேண்டும்.

வியட்நாமைப் பாருங்கள். 1945-இல் விடுதலை முழக்கம் எழுந்தபோது பெரும்பாலான மக்கள் எழுத்தறியாதவர்கள். விடுதலையை அறிவித்த ஒரு கிழமைக்குள், செப்டம்பர் 8 அன்று, எழுத்தறிவு இயக்கத்திற்கு ஆணை பிறந்தது. பிரெஞ்சு மொழியில் நடந்த பல்கலைக்கழகக் கல்வி வியட்நாமிய மொழிக்கு மாறியது. மருத்துவமும் அம்மொழியிலேயே கற்பிக்கப்பட்டது. போரும் பஞ்சமும் வாட்டியபோது செய்தார்கள். நாமோ, 2010-இல் பொறியியலின் இரண்டு பாடப்பிரிவுகளைத் தமிழில் தொடங்கியதோடு களைத்து, மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறோம். முடியும் என்பதற்குச் சான்று ஹனோயில் இருக்கிறது. அங்கே கலைச்சொற்களை எப்படி ஆக்கினார்கள், பாடநூல்களை எப்படி எழுதினார்கள் என்று கற்றுவர ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வியட்நாமிய மொழி வேண்டும்.

நாமும் நாங்களும்

"இந்த மொழிகளை ஆங்கில வழியாகவே கற்க முடியும்" என்பார் சிலர். அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கேட்பவனையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. அவனை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை, இந்தியிலும் இல்லை. இந்தோனேசிய மொழியில் இருக்கிறது: கித்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். வியட்நாமிய மொழியிலும் இருக்கிறது: சுங் தா, சுங் தோய். ஆங்கில நூல் இரண்டு பக்கம் விளக்க வேண்டிய ஒன்றை, நொச்சிக்குப்பத்துச் சிறுவன் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வான். வியட்நாமியர் பேசும்போது 'நான்', 'நீ' என்பதற்கு மாற்றாக அண்ணன், தம்பி, சிற்றப்பன் என்ற உறவுச் சொற்களையே வழங்குவர். முன்பின் அறியாதவரையும் 'அண்ணே' என்று அழைக்கும் தமிழனுக்கு இது விந்தையா?

சொற்களிலும் உறவு உண்டு. அங்கே கப்பல் 'காப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', தொழிலுக்கு இடும் முதல் 'மோடால்'. வியட்நாமிய மொழிக்கு ஆறு வகை ஒலிப்பு உண்டு, அதைக் காதால் கேட்டே பழக வேண்டும் என்பது மெய். உழைப்பு வேண்டும். ஆனால் அந்த உழைப்பை ஆங்கிலச் சுமையோடு சேர்த்து ஏற்ற வேண்டியதில்லை. தமிழிலிருந்து நேரே செல்லும் பாதை குறுகியது. ஏழைப் பிள்ளைக்கும் ஏற்றது.

"கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே, பல்கலைக்கழகம் எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. கைப்பேசி சொல்லைப் பெயர்க்கும். ஒப்பந்தத்தில் மறைந்திருக்கும் சூழ்ச்சியைக் கண்டுபிடித்து, எழுந்து நின்று, "இந்த வரியை நீக்கு" என்று சொல்லுமா? எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அயல்நாட்டு நீதிமன்றத்தில் நிற்கும் ஆழ்கடல் மீனவனின் அச்சத்தைப் புரிந்துகொண்டு அவனுக்காகப் பேசுமா? அதற்கு மனிதன் வேண்டும், கற்ற மனிதன் வேண்டும்.

"பசித்த வயிற்றுக்கு வியட்நாம் மொழியா?" என்பது மூன்றாவது கேள்வி. பசித்தவனுக்கு அயலறிவு வேண்டாம் என்று முடிவு கட்டுபவன், அவன் என்றும் பசித்தே இருக்கட்டும் என்று முடிவு கட்டுபவனாவான். சப்பானும் கொரியாவும் இந்த மொழிகளுக்குப் பல்கலைக்கழகத் துறைகள் வைத்திருக்கின்றன. தோக்கியோவிலும் சியோலிலும் மாணவர்கள் கற்கின்றனர். வீண் செலவென்று அந்த வணிக நாடுகள் கருதவில்லை. ஐஞ்ஞூற்றுவரின் வழித்தோன்றல்களா கருதுவது?

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் எளியவை. முதலாவது, தென்கிழக்கு ஆசிய ஆய்வில் பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அந்தப் பகுதியின் ஒரு மொழியையேனும் இரண்டாண்டு முறையாகக் கற்று, அந்நாட்டு நாளேட்டைத் தாமே படித்து விளக்கும் தேர்வில் தேற வேண்டும். வாயில் இல்லாத வீட்டிற்குச் சன்னல் வழியே நுழைவது போன்றது மொழியில்லா ஆய்வு.

இரண்டாவது, பகல் வகுப்போடு மாலை வகுப்பும் வேண்டும். மீனவ இளைஞர், கப்பல் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், தொழிற்சங்க ஊழியர் ஆகியோர் தமிழ் வழியே கற்கும் சான்றிதழ் வகுப்பு அது. சேப்பாக்கத்தில் தொடங்கலாம், தூத்துக்குடிக்கும் நாகைக்கும் விரியலாம்.

மூன்றாவது, கொள்வினையும் கொடுப்பினையும் வேண்டும். அங்கிருந்து ஆசிரியர் இங்கே வரட்டும்; இங்கிருந்து தமிழாசிரியர் அங்கே செல்லட்டும். ஓராண்டுக்கு வந்து போகும் விருந்தாளிப் பதவியாக இன்றி, நிலையான பணியிடமாக இருக்கட்டும்.

நான்காவது, நூல்கள். கார்னெலில் எக்கோல்சும் சாதிலியும் சேர்ந்து தொகுத்த இந்தோனேசிய–ஆங்கில அகராதி 1961-இல் வெளிவந்தது. ஒரு அமெரிக்கரும் ஒரு இந்தோனேசியரும் சேர்ந்து செய்த பணி. அவ்வாறே ஒரு தமிழரும் ஒரு இந்தோனேசியரும், ஒரு தமிழரும் ஒரு வியட்நாமியரும் அமர்ந்து தொகுக்கும் அகராதிகளைப் பல்கலைக்கழகமே வெளியிட வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் நிதி நெருக்கடியில் தவிப்பதை அறிவோம். அதனாலேயே இதைக் கேட்கிறோம். கருவூலம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது கேட்பாரற்ற துறை. கேட்பார் இருக்கிறார்கள் என்பதை ஆள்வோர் அறிய வேண்டும். அக்கரையோடு வணிகம் செய்து பொருள் ஈட்டும் நிறுவனங்களும் தம் பங்கைச் செலுத்தட்டும். தோட்டத் தொழிலாளி கூலியிலிருந்து கொடுத்த வரலாற்றுக்கு முன்னால், ஆலை முதலாளி கையை விரிக்க முடியாது.

தோழர்களே! உங்கள் பகுதிப் படிப்பகத்தில் ஒரு மாலை இந்தப் பொருளைப் பேசுங்கள். சிமலூத் தீவின் கதையைக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் இடம்பெற்றோரையும், உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் சந்தித்து, "மொழி வகுப்பு எப்போது?" என்று கேளுங்கள். ஒருமுறை கேட்டால் புன்னகைப்பார்கள். பத்து முறை கேட்டால் குறித்துக்கொள்வார்கள். ஊரூராய்க் கேட்டால் வகுப்பறை திறப்பார்கள்.

படையோடு போன தமிழனை அக்கரை அறியும். வட்டிக்குக் கொடுத்த தமிழனையும், தோட்டத்தில் வாடிய தமிழனையும் அறியும். தன் மொழியைக் கற்று, தனக்குச் சமமாய் அருகமர்ந்து, 'நாங்கள்' என்பதை விட்டு 'நாம்' என்று பேசும் தமிழனை அது இனிமேல்தான் அறிய வேண்டும். அவனை அனுப்பி வைக்கும் பொறுப்பு நம்முடையது.